கடவுளுக்குப் பொறிவண்டு, பக்கத்து நாட்டுக்குக் கரப்பான்

பூச்சிப் பெயர்களோடு இருபது வருடம் குடித்தனம் நடத்திய கபிதலீனா அர்சேன்யெவ்னாவுக்கு மனிதர்கள்மேல் மருந்துக்குக்கூட மரியாதை மிஞ்சவில்லை. ஏன் என்று கேட்டால் பொறிவண்டையும் கரப்பானையும் சாட்சிக்குக் கூப்பிடுவாள். பார்க்க அழகாக, கையில் ஏறினால் கடிக்காமல், குழந்தைகள் கொஞ்சும்படி ஒரு பூச்சி இருந்தால் போதும், அதைக் கொண்டுபோய்க் கடவுள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். பொறிவண்டை ரஷ்யர்கள் 'கடவுளின் குட்டிப் பசு' என்கிறார்கள். லித்துவேனியாக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். எங்கோ கடலுக்கு நடுவில் இருக்கும் அயர்லாந்துக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள். ஜெர்மானியர்கள் அதை மரியன்னைக்குக் கொடுத்தார்கள், யூதர்கள் மோசேக்குக் கொடுத்தார்கள்.

சரி, ரொட்டிப் பெட்டிக்குப் பின்னால் ஓடும் சிவப்புக் கரப்பானை யாருக்குக் கொடுத்தார்கள்? அங்கேதான் மனிதனின் லட்சணம் தெரியும் என்பாள் கபிதலீனா. ரஷ்யர்கள் அதைப் 'பிரஷ்யாக்காரன்' என்கிறார்கள். பிரஷ்யாக்காரனோ அதை 'ரஷ்யாக்காரன்' என்கிறான். செக் மக்களும் பின்லாந்துக்காரர்களும்கூட அந்த அழுக்கை ரஷ்யர் தலையில்தான் கட்டுகிறார்கள். எந்த நாட்டுக்காரனும் தன் அடுப்படிக் கரப்பானைத் தன் பெயரில் வைத்துக்கொண்டதாகச் சரித்திரமே இல்லை.

இதைத்தான் அவள் கட்டுரையாக எழுதி, யூகோஸ்லாவியாவில் நடக்கவிருந்த மொழியியல் மாநாட்டுக்கு அனுப்பியிருந்தாள். மாநாட்டுக்காரர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில், மாஸ்கோ ஆராய்ச்சிக் கழகத்தின் சொற்பிறப்பு அகராதித் துறையில் ஜன்னல் இல்லாத மூலையில் உட்கார்ந்திருந்தவளுக்கு முதன்முதலாக வெளிநாட்டிலிருந்து ஓர் அழைப்பு. துறைக்கு ஒரே ஓர் இடம். அந்த இடம் கிடைக்க வேண்டுமானால் துறைத்தலைவர் நற்சான்று எழுதித் தரவேண்டும். ஆள் குடிக்கமாட்டார், அரசியல் தெளிவு உள்ளவர், பொதுப்பணியில் ஊக்கத்தோடு பங்கெடுப்பவர் என்று அதில் இருக்கவேண்டும்.

அந்தக் கடைசி வரிதான் வில்லங்கம். சென்ற ஆண்டு பல்கேரியா போகவேண்டிய ஒருவர், உருளைக்கிழங்கு அறுவடைக்கு அனுப்பியபோது முதுகு வலிக்கிறது என்று கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் இன்றுவரை பல்கேரியாவை வரைபடத்தில்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே ஜூலை மாதத்தில் துறை முழுவதையும் கலூகாவுக்குப் பக்கத்தில் ஒரு அரசுப் பண்ணைக்கு வண்டு பொறுக்க அனுப்புகிறார்கள் என்று அறிவிப்பு வந்தபோது, கபிதலீனா வாயைத் திறக்காமல் ரப்பர் பூட்ஸைத் தேடி எடுத்தாள்.

வண்டு என்றால் கொலராடோ வண்டு. உருளைச் செடியை மொட்டையடிக்கும் பூச்சி. அதற்கும் ஓர் அமெரிக்க மாநிலத்தின் பெயர். அமெரிக்காக்காரன் விமானத்தில் வந்து கொட்டிவிட்டுப் போனான் என்று பண்ணைகளில் பேசிக்கொள்வார்கள். கபிதலீனா அதைக் கேட்டு மூக்கைச் சுளிப்பாள். தன் கொள்கைக்கு இன்னொரு சாட்சி கிடைத்தது என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருக்கும்.

பேருந்தில் முன்வரிசையில் துறைத்தலைவர் ரஸ்தீஸ்லாவ் யெவ்கிராஃபவிச் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமைதோறும் வானொலியில் சொற்களின் கதை சொல்கிறவர். குரல் தேன். மூளையைப் பற்றிக் கபிதலீனாவுக்கு வேறு கருத்து இருந்தது. அவர் பக்கத்தில், யாரும் சொல்லாமலே, க்லெப் துல்யேனெவ் இடம் பிடித்துவிட்டான். முப்பத்தெட்டு வயது, நல்ல சட்டை, கை கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளும் பணிவு. அவனும் பூச்சிப் பெயர்களைப் பற்றியே மாநாட்டுக்கு ஒரு கட்டுரை அனுப்பியிருந்தான். மாநாட்டுக்காரர்கள் அதற்குப் பதில்கூட எழுதவில்லை. அது அவனுக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

"பட்டாம்பூச்சிக்கு நம்ம மொழியில ஏன் 'சின்னக் கிழவி'ன்னு பேர் வந்துச்சு தெரியுமா?" என்று ரஸ்தீஸ்லாவ் பேருந்து முழுவதற்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "கிராமத்துப் பொம்பளைங்க பூப்போட்ட சால்வை கட்டிக்கிட்டுக் காத்துல படபடன்னு போவாங்க பாருங்க, அதைப் பார்த்து வெச்சது!"

"அடடா! சால்வை!" என்றான் க்லெப். "இது எனக்குத் தோணவே இல்லையே, ரஸ்தீஸ்லாவ் யெவ்கிராஃபவிச்!"

பின்வரிசையிலிருந்து கபிதலீனா சொன்னாள்: "தோணாதது நல்லதுதான். செத்துப்போன கிழவிங்களோட ஆவி அந்த ரூபத்துல வீட்டுக்கு வருதுன்னு நம்பினாங்க. அதான் அந்தப் பேர். சால்வை கடையில விக்கிறது."

"ஆவியை வானொலியில சொல்ல விடமாட்டாங்கம்மா" என்று ரஸ்தீஸ்லாவ் சிரித்தார். "சால்வைன்னா விடுவாங்க. போன மாசம் தேனீயும் காளைமாடும் ஒரே வேர்ச்சொல்லுன்னு சொன்னேன், ரெண்டும் 'உம்ம்'னு உறுமுதே, அதனாலன்னு. எவ்வளவு கடிதம் வந்திருக்கு தெரியுமா!"

தேனீயும் காளையும் கபிதலீனா துறைக் கூட்டத்தில் படித்த குறிப்பு. படித்தவள் பெயர் வானொலியில் வரவில்லை. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்த மனிதரின் கையெழுத்துக்காகத்தான் இன்று மண்ணில் குனியப் போகிறோம் என்பதை நினைத்தபோது வாயெல்லாம் கசந்தது.

பண்ணையில் அவர்களை எதிர்கொண்டவள் வேளாண் அலுவலர் அன்ஃபீஸா. இடுப்பில் கை, தலையில் வெள்ளைத் துணி. ஆளுக்கொரு மூடி போட்ட தகரத் தூக்கைக் கொடுத்து, மேலே பெயரை எழுதி ஒட்டச் சொன்னாள்.

"அறிவாளிங்களா, நல்லாக் கேட்டுக்கோங்க. கோடு போட்ட வண்டு இருந்தா எடுங்க. சிவப்பா, ஆரஞ்சா, புள்ளி வெச்சு இலையில ஒட்டிக்கிட்டிருக்கிற எல்லாத்தையும் எடுங்க, அது வண்டோட புழு. இலைக்கு அடியில மஞ்ச முட்டை இருந்தா நசுக்குங்க. சாயந்திரம் கொட்டகையில தூக்கைக் கவுத்துப் பார்ப்பேன், அப்புறம் மண்ணெண்ணெயில போட்டுடுவோம். காலித் தூக்கோட வர்றவங்க பேரை உங்க தலைவர்கிட்ட குடுத்துடுவேன். போன வாரம் வந்த நடனப் பள்ளிக்காரங்ககூட அரைத் தூக்கு ரொப்பினாங்க."

"நாங்க பூச்சியிலயே ஊறினவங்கம்மா" என்றார் ரஸ்தீஸ்லாவ் பெருமையாக. "இந்தத் துறையில பூச்சிப் பேரை நாப்பது மொழியில சொல்ற ஆளு இருக்காங்க."

"பேரைச் சொன்னா வண்டு கீழ விழுமா?" என்று கேட்டுவிட்டு அன்ஃபீஸா டிராக்டர் பக்கம் போனாள். தலைவருக்கு வண்டு பொறுக்கும் வேலை இல்லை. அவர் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு, க்வாஸ் என்ற புளித்த ரொட்டிப் பானத்தின் ஜாடியோடு உட்கார்ந்து, மேற்பார்வை பார்த்தார்.

வயலின் மேல்மூலையில் இருந்த வரிசைகள் கபிதலீனாவுக்கும் க்லெப்புக்கும் விழுந்தன. க்லெப் இரண்டு செடியைத் தொட்டுப் பார்த்தான், கையை முகர்ந்து பார்த்தான், பிறகு வரப்போரத்து ஆல்டர் புதரின் நிழலை வெகுநேரம் நோட்டமிட்டான். "ராத்திரி பூரா கட்டுரை எழுதினேன், கபிதலீனா அர்சேன்யெவ்னா. சும்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குப் பின்னால் போனான். அவன் எழுதும் கட்டுரைக்கு ராத்திரி எதற்கு, இரண்டு பகல் தூக்கமே போதும் என்று அவள் நினைத்தாள். தூக்கை அவன் கையோடு எடுத்துக்கொண்டு போனதால், இடையிடையே எழுந்து பொறுக்கிப் போடுவான் என்றும் நினைத்தாள்.

கோடு போட்ட வண்டு அந்த மூலையில் அதிகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு இலையிலும் ஆரஞ்சு நிறத்தில், கரும்புள்ளிகளோடு, மிளகு அளவில், அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தவை ஏராளம். அன்ஃபீஸா சொன்னபடியே இருந்தன. கபிதலீனா நகத்தால் சுரண்டிச் சுரண்டித் தூக்கில் போட்டாள். குனிந்த முதுகு நிமிரவில்லை, பூட்ஸுக்குள் மண் புகுந்தது, கழுத்தைக் கொசு பிடுங்கியது. இந்தக் கொலராடோக்காரனின் பிள்ளைகளுக்குத் தப்பித்து ஓடக்கூடத் துப்பில்லை, எடுத்தால் எடுத்த இடத்தில் கிடக்கிறது, என்ன ஜென்மமோ என்று அதையும் இளக்காரம் செய்தாள். மதியத்துக்குள் தூக்கு கழுத்துவரை வந்துவிட்டது. மற்றவர்களின் தூக்குகளைத் தூரத்திலிருந்து கற்பனை செய்து பார்த்து, தன்னுடையதுதான் நிறைந்தது என்று முடிவுகட்டினாள். பொதுப்பணியில் ஊக்கம் வேண்டுமா, இந்தா, தூக்கு நிறைய ஊக்கம்!

மதியம் மற்றவர்கள் டிராக்டர் நிழலில் கஞ்சி குடிக்கப் போனார்கள். கபிதலீனா போகவில்லை. வரப்பில் உட்கார்ந்து, கறுப்பு ரொட்டியையும் ஊறுகாய் வெள்ளரியையும் தின்றுவிட்டு, மடியில் கட்டுரையை வைத்துப் படித்தாள். கடவுளின் பசு வரும் பக்கம். நாற்பத்து சொச்சம் மொழிகளில் ஒரே அழகான சிவப்புப் பூச்சி. எந்த வார்த்தையையும் அவள் புத்தகம் பார்க்காமல் சொல்லுவாள்.

தூக்கு புழுக்கத்தில் நாறும் என்று மூடியைக் கொஞ்சம் திறந்துவைத்திருந்தாள். ஓரத்தில் ஏதோ அசைந்தது. எட்டிப் பார்த்தாள். மேலாக இருந்த ஓர் ஆரஞ்சுப் புள்ளிக்காரனின் தோல் தலைப்பக்கம் கிழிந்து, உள்ளேயிருந்து வெண்ணெய் நிறத்தில் மெத்தென்று ஒரு வண்டு வெளியே வந்துகொண்டிருந்தது. முதுகில் ஒரு புள்ளிகூட இல்லை. ஈரச் சிறகைத் தொங்கப்போட்டுக்கொண்டு தூக்கின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தது. கபிதலீனா ரொட்டியைக் கையில் வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏற ஏற அந்த மஞ்சள் சிவக்க ஆரம்பித்தது. முதுகில் மங்கலாக நிழல்போல ஏதோ தெரிந்தது. பிறகு கறுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. எந்தக் குழந்தையும் அடையாளம் சொல்லிவிடும் முதுகு.

அது கடவுளின் குட்டிப் பசு. தூக்கில் இருந்தவை எல்லாமே அதுதான்.

ஒரு நிமிடம் அவளுக்கு அழகாகத்தான் இருந்தது. இருபது வருடம் அதன் பெயரோடு புழங்கியவள், அது எப்படிப் பிறக்கிறது என்று பார்த்ததே இல்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அடுத்த நிமிடம் காது மடல் சூடேறியது. உலகத்திலேயே இந்தப் பூச்சியைப் பற்றி அதிகம் எழுதியவள் அதையே தூக்கு நிறையச் சுரண்டிப் போட்டிருக்கிறாள். சாயந்திரம் கொட்டகையில் தூக்கைக் கவிழ்க்கும்போது அன்ஃபீஸா பார்ப்பாள். ரஸ்தீஸ்லாவ் பார்ப்பார். சனிக்கிழமை நாடு முழுவதும் கேட்கும். அந்த யூகோஸ்லாவியா மேடையில் நிற்கும்போது முன்வரிசையில் யாராவது வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். மற்ற யாரைப் பார்த்தும் அவள் அப்படித்தான் சிரித்திருப்பாள். அதனால்தான் அவளுக்கு அது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது.

எல்லாவற்றையும் மண்ணில் கொட்டிவிட்டு வேறு வண்டு பொறுக்கலாம். அதுதான் சுலபமான வழி. ஆனால் கபிதலீனாவின் கண் ஆல்டர் புதர்ப் பக்கம் போனது. க்லெப் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். பக்கத்தில் அவனுடைய தூக்கு, மூடியோடு. மேலே 'துல்யேனெவ்' என்று அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

இவன் மேடையில் நின்றால் என்ன பேசுவான் என்று அவளுக்குத் தெரியும். சால்வை, காளைமாடு, தலைவர் சொன்னது. இந்த ஜால்ராவை ஊர் சிரிக்க வைத்தால் என்ன குறைந்துபோகும்? பூச்சிப் பெயரை வைத்துப் பிழைத்துக்கொண்டு பூச்சி தெரியாதவன் என்று பெயர் எடுத்தால், ரஸ்தீஸ்லாவே இவனை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூச்சப்படுவார். அவள் தன் மனதுக்குள் இதை ஒரு நியாயமான காரியம் என்று பெயர் சூட்டிக்கொண்டாள். பெயர் சூட்டுவதில் அவளுக்கு நல்ல அனுபவம்.

சிவந்துவிட்ட வண்டை ஓர் இலையில் ஏற்றிவிட்டாள். நுனிக்காலில் நடந்துபோய், க்லெப்பின் தூக்கைத் திறந்து, அதற்குள் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல், தன் தூக்கை மெல்லக் கவிழ்த்தாள். சருகு கொட்டுவதுபோல ஒரு சத்தம். தொப்பி அசையவில்லை. மூடியைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

இனித் தன் தூக்கை நிரப்பவேண்டும். வரிசை வரிசையாகப் போனாள். இலை இலையாகத் திருப்பினாள். இப்போது தேடியது கோடு போட்ட உண்மையான வண்டு. காலையில் அங்கே ஒன்று இங்கே ஒன்றாவது கண்ணில் பட்டது. இப்போது அதுவும் காணோம். மற்ற நாளில் இலைக்கு நாலாக மேய்ந்துகொண்டிருக்கும் கொலராடோக்காரன் இன்று எங்கே போய்த் தொலைந்தான் என்று பல்லைக் கடித்தாள். கெஞ்சாத குறையாகத் தேடி நான்கு வண்டு பிடித்திருப்பாள், வடக்கே இடி உறுமியது. அப்புறம் மழை வந்த வேகத்தில் வயலில் இருந்தவர்கள் எல்லாரும் தூக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினார்கள்.

"இன்னிக்கு வேலை இவ்வளவுதான்" என்றாள் அன்ஃபீஸா. "வரிசையா வைங்க, பார்த்துடறேன். பேருந்து கிளம்பட்டும்."

கொட்டகைக்குள் நனைந்த ஆட்டுத்தோல் வாடை. பழைய மேசைமேல் ஒரு தகரத் தட்டு. அன்ஃபீஸா ஒவ்வொரு தூக்காகத் தட்டில் கவிழ்த்து, பார்த்து, பெயரைச் சொல்லி, வாளியில் தள்ளினாள். துல்யேனெவ் முறை வந்தது. தட்டில் ஆரஞ்சுக் குவியல் சரிந்து விழுந்தது. அன்ஃபீஸா "அம்மாடி, எவ்வளவு!" என்று வாளியை இழுத்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் கபிதலீனா. குரல் கணீரென்று வந்தது. "அது கொலராடோ வண்டு இல்லை. நல்லாப் பாருங்க. அது கடவுளின் குட்டிப் பசுவோட கூடு. ரெண்டு நாள்ல வண்டா வெளிய வரும். சொற்பிறப்பு அகராதித் துறையோட முதுநிலை ஆய்வாளர் க்லெப் மக்சீமவிச், பூச்சிப் பேரை வெச்சு மாநாட்டுக்குக் கட்டுரை எழுதினவர், காலையிலேருந்து உட்கார்ந்து பொறிவண்டைக் கொன்னுக்கிட்டிருக்கார்!"

அன்ஃபீஸா ஒன்றை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "அட, ஆமா! என் கண்ணுல என்ன மண்ணா விழுந்துச்சு! இதுங்கதான் வண்டு முட்டையைத் தின்னுக்கிட்டிருந்திருக்கும். அதான் மேல்மூலையில பயிர் பச்சையா நிக்குது!"

க்லெப்பின் முகத்தில் என்னென்னவோ வந்து போயின. அவன் தட்டைப் பார்த்தான், கபிதலீனாவைப் பார்த்தான், வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். கபிதலீனாவுக்கு அந்த மூடிய வாய் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

அப்போது நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ரஸ்தீஸ்லாவ் சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து க்லெப்பைக் கட்டிக்கொண்டார்.

"அடேய் க்லெப்! சொல்லை மட்டும் தெரிஞ்சவன், பூச்சியைத் தெரியாதவன்! சனிக்கிழமைக்கு இதைவிட எனக்கு என்ன வேணும்! எங்க இளம் அறிஞர் ஒருத்தர் உருளைத் தோட்டத்துல கடவுளோட மாட்டுத் தொழுவத்தையே காலி பண்ணிட்டாருன்னு ஆரம்பிக்கிறேன். அப்படியே அயர்லாந்து, லித்துவேனியான்னு போயிடறேன். ஐயோ, அருமை!"

"நான் ரொம்ப வெக்கப்படறேன், ரஸ்தீஸ்லாவ் யெவ்கிராஃபவிச்" என்றான் க்லெப் தலையைக் குனிந்துகொண்டு.

"என்னப்பா வெக்கம்? தூக்கைப் பாரு, கழுத்துவரைக்கும்! என்ன உழைப்பு!"

"தப்பு என்னோடது" என்றாள் அன்ஃபீஸா. "ஒட்டிக்கிட்டிருக்கிற எல்லாத்தையும் எடுங்கன்னு நான்தானே சொன்னேன். அவரு குனிஞ்ச தலை நிமிராம செஞ்சிருக்காரு, பாவம். சரி, அடுத்தது யாரு?" அடுத்த தூக்கை எடுத்துக் கவிழ்த்தாள். தட்டில் டக் டக்கென்று சில வண்டுகள் விழுந்தன. அவள் தூக்கை இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். "கபிதலீனா அர்சேன்யெவ்னா. நாலு. காலையிலேருந்து நாலே நாலு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"மேல்மூலையில வண்டே இல்லை" என்றாள் கபிதலீனா.

"இவருக்கும் மேல்மூலைதானே குடுத்தோம்?" என்றார் ரஸ்தீஸ்லாவ். சிரிப்பின் ஈரம் கண்ணில் இருந்தது, குரலில் இல்லை. "அது கூடுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பார்த்தேன். ஒண்ணு வெளிய வந்துச்சு. பார்த்துக்கிட்டே இருந்தேன், சிவப்பாகிப் புள்ளி வந்துச்சு."

"ஓகோ. பார்த்துக்கிட்டே இருந்தீங்க." அவர் மற்றவர்களைப் பார்த்தார். "இவர் வேலை செஞ்சார். நீங்க வேடிக்கை பார்த்தீங்க. சக ஊழியர் தப்பு பண்றார்னு தெரிஞ்சும் அங்கேயே ஒரு வார்த்தை சொல்லலை. சாயந்திரம் பத்துப் பேர் முன்னாடி சொல்லணும்னு பொத்தி வெச்சிருந்தீங்க. இல்லையா?"

சொல்வதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அந்தக் குவியல் என்னுடையது, அதைச் சுரண்டிப் போட்டவள் நான், என் நகத்தில் இன்னும் அதன் ஆரஞ்சு இருக்கிறது. அதைச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவரும் சிரித்து, அவளையும் கட்டிக்கொண்டிருப்பார். ஆனால் அப்படிச் சிரிக்கப்படுவதற்கு அவள் தயாராக இல்லை. கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றாள்.

பேருந்து புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ரஸ்தீஸ்லாவ் முன்வரிசையிலிருந்து எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினார். நற்சான்றில் பொய் எழுத அவருக்கு மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லையாம். பொதுப்பணி என்ற வரிக்கு நேராகக் கபிதலீனா அர்சேன்யெவ்னாவின் பெயரை எப்படி எழுதுவது? அதே சமயம் மாநாட்டுக்காரர்கள் அந்தப் பூச்சிக் கட்டுரையைத்தான் கேட்கிறார்கள். துறையின் மானம் இருக்கிறது. ஆகவே கட்டுரை போகும். க்லெப் கொண்டுபோய்ப் படிப்பார். ஆசிரியர் பெயராக இருவர் பெயரும் இருக்கும். அகர வரிசை என்ன சொல்கிறதோ அதன்படி.

"துறைக்கு நல்லதுன்னா எனக்கும் சந்தோஷம்தான்" என்றாள் கபிதலீனா. அந்த மாதிரி நேரத்தில் அப்படித்தான் சொல்லவேண்டும். எதிர்த்துப் பேசினால் அடுத்த வருடம் ஜன்னல் இல்லாத மூலையும் இருக்காது.

மழை விட்டிருந்தது. க்லெப் எழுந்துவந்து அவள் பக்கத்துக் காலி இருக்கையில் உட்கார்ந்தான். காகிதத்தில் சுற்றிய வெள்ளரிக்காய் ஒன்றை நீட்டினான். அவள் வாங்கவில்லை. அவன் தானே கடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும், கபிதலீனா அர்சேன்யெவ்னா" என்றான் தணிந்த குரலில்.

"எதுக்கு?"

"என் தூக்குல ஒண்ணுமே இல்லை. ஒரு வண்டுகூட இல்லை. காலையிலேருந்து நல்லாத் தூங்கிட்டேன். மதியம்தான் முழிச்சேன். காலித் தூக்கோட போனா அந்தப் பல்கேரியா போகாதவர் கதிதானேன்னு தொப்பிக்குள்ள படுத்துக்கிட்டு யோசிச்சுக்கிட்டிருந்தேன். அப்பதான் நீங்க வந்தீங்க." அவன் வெள்ளரியை இன்னொரு கடி கடித்தான். "நீங்க கொட்டினப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. இந்தம்மா நம்மளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்குமே, இப்படி ஒரு மனசா இதுக்குன்னு. கொட்டகையில நீங்க கத்தினப்பதான் எதுக்குக் கொட்டினீங்கன்னு புரிஞ்சுது."

கபிதலீனா ஆரஞ்சு ஒட்டிய நகங்களை மடக்கிக் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாதீங்க" என்றான் அவன். கெட்ட எண்ணம் இல்லாமல்தான் சொன்னான். அதுதான் அவளை அறைந்தது. இத்தனை வருடமாக அவள் யார் யாரையோ பார்த்த அதே பார்வையை, இந்த ஜால்ரா, கொஞ்சம் இரக்கம் கலந்து, அவள் மேல் வைத்துக்கொண்டிருந்தான். தன்னைப்போலக் கேவலமான ஒரு பிராணி இந்தப் பேருந்தில் வேறு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகும் அவனைப் பிடிக்கவில்லை.

அவன் பையிலிருந்து அவளுடைய கட்டுரையின் தட்டச்சுப் பிரதியை எடுத்தான். தலைவர் தன்னிடம் இருந்த பிரதியை அதற்குள் அவனிடம் கொடுத்திருந்தார். முழங்காலில் விரித்து, வெள்ளரி ஈரத்தோடு ஒரு வரியில் விரலை வைத்தான்.

"இந்த அயர்லாந்து வார்த்தையை எப்படிச் சொல்றது? போயின் தே?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே நனைந்த பிர்ச் மரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்த வார்த்தையை இவன் அங்கே போய், அந்த மேடையில், அத்தனை பேர் முன்னால், இப்படிச் சொல்லப்போகிறான். அதை நினைத்தபோது அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் பொறுக்கவில்லை.

"ஜே" என்றாள். "போயீன் ஜே."

"போயின் ஜே."

"இழுத்துச் சொல்லுங்க. போயீன்."

அவன் மறுபடியும் தப்பாகச் சொன்னான். அவள் மறுபடியும் திருத்தினாள். மாஸ்கோ வரும்வரை திருத்திக்கொண்டே வந்தாள்.